வெளிநாட்டிலிருந்து திரும்பிய தாயும் நாலரை வயது மகனும்: பிணைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும், ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விபரங்களையும் விட்டுவிட்டேன். எழுதியதைத் தாய்க்கும் அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சம்மதித்த பிறகுதான் வெளியிடுகிறேன். நான் அந்தப் பகுதியில் உளவளத்துணை வேலை செய்பவள். இந்தக் குடும்பத்துக்கு முதலில் நான் சொன்ன ஆலோசனை பிழையானது. பிணைப்பு, அதாவது பிள்ளை தன்னைப் பராமரிப்பவரோடு கொள்ளும் மனநெருக்கம், உளவியல் பாடத்தில் முதல் வருடமே படிக்கும் ஒரு விசயம். அதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு சொன்ன ஆலோசனை அது. அதே வேலையைச் செய்கிறவர்களும், முன்பள்ளி ஆசிரியைகளும், வெளிநாடு போய் வரும் தாய்மாரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பின்னணி

பையன் 2020 ஆடியில் பிறந்தவன். தகப்பன் குத்தகைக் காணியில் வேளாண்மை செய்பவர். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த பிறகு வந்த பெரும்போக நெற்செய்கை அவருக்குக் கைகொடுக்கவில்லை. அடுத்த வருடம் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. இரண்டு இடத்தில் எடுத்திருந்த நுண்கடனுக்குக் கிழமை தவறாமல் ஆள் வந்து முற்றத்தில் நிற்கும். 2022 கார்த்திகையில், தனது 25 ஆவது வயதில், தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். பையனுக்கு அப்போது 2 வயதும் 4 மாதமும்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி இரவு 2 மணிக்கு வந்தது. பிள்ளை முழித்து அழுதால் கால் நகராது என்று, அவன் அம்மம்மாவின் பக்கத்தில் நித்திரையாகக் கிடக்கும்போதே தாய் புறப்பட்டார். நான் சந்தித்த, வெளிநாடு போன தாய்மாரில் பெரும்பாலானோர் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக் குடும்ப அமைப்பையும் இங்கே சொல்லவேண்டும். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளுக்குப் போகும். பெண்ணின் தாய் அதே வளவுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பார். ஆகவே இந்தப் பையன் பிறந்த நாளிலிருந்தே அம்மம்மாவின் கையில் வளர்ந்தவன். தாய் போனபோது அவன் புது இடத்துக்கோ புது மனிதரிடமோ போகவில்லை. ஒரு கை விட்டுப்போனது, மற்றக் கை இருந்தது. இதன் பொருளை நான் முதலில் எடைபோடத் தவறினேன்.

இரண்டு வருடமும் சில மாதமும் தாயின் முகம் இமோ வீடியோ அழைப்பில் வந்துகொண்டிருந்தது. குவைத்தில் வேலை ஓய்ந்து அவர் போனை எடுக்கும்போது இங்கே பிள்ளைக்கு நித்திரை தூங்கும் நேரம். தாய் போன பிறகு அவன் அம்மம்மாவை "அம்மா" என்றும், தாயைப் "போனம்மா" என்றும் கூப்பிட்டான். வீட்டார் அதைச் செல்லமாக எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்த நாட்கள்

தாய் 2025 மாசியில் திரும்பினார். பையனுக்கு அப்போது 4 வயதும் 7 மாதமும். ஊர்க்காரர் வாசலில் கூடி நிற்க, வானிலிருந்து இறங்கிய தாய் அவனை வாரித் தூக்கினார். அவன் அழவில்லை, உதறவுமில்லை. உடம்பைப் பலகை போல வைத்துக்கொண்டு, தாயின் தோளுக்கு மேலால் அம்மம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இறக்கிவிட்டதும் போய் அம்மம்மாவின் சேலைக்குள் நின்றுகொண்டான்.

அடுத்த மூன்று கிழமையும் அப்படியே போயின. தாய் ஊட்டினால் வாய் திறக்கமாட்டான். கொண்டுவந்த பற்றரிக் காரோடு விளையாடுவான், ஆனால் தாய் பக்கத்தில் வந்து குந்தினால் காரை விட்டுவிட்டு எழும்பிப் போவான். தகப்பனோடு வழமை போலவே இருந்தான். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "இஞ்ச பார் மனே, ஆர்ர பிள்ளை நீ? ஆர் உன்ர அம்மா?" என்று கேட்பார்கள். அவன் அம்மம்மாவைக் காட்டுவான். கேட்டவர்கள் சிரிப்பார்கள், தாய் குசினிக்குள் போய்விடுவார்.

ஒரு நாள் பின்னேரம் நடந்ததை அம்மம்மா எனக்குச் சொன்னார். தாய் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். பையன் அம்மம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "போனம்மாவுக்கு எடுங்க" என்கிறான். "அந்தா நிக்கிறா மனே, அவதான்" என்று அம்மம்மா கையைக் காட்டினார். அவன் முற்றத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், "இல்ல, போனம்மாவுக்கு" என்று அழத் தொடங்கினான். குவைத் இலக்கத்துக்கு எடுத்தால் பதில் இல்லை. அன்று முழுக்க அழுகை.

முன்பள்ளி ஆசிரியைதான் என்னைக் கூப்பிட்டார். அவர் கவனித்தது வேறொன்று. அதுவரை காலையில் கையசைத்துவிட்டு உள்ளே ஓடிய பிள்ளை, தாய் கொண்டுவந்து விடத் தொடங்கிய பிறகு படலையடியிலேயே நிற்கிறான். 10 மணிச் சாப்பாட்டை மூடி திறக்காமல் வைத்திருக்கிறான்.

நான் முதலில் எடுத்த முடிவு

பங்குனி நடுவில் தாயைச் சந்தித்தேன். ஒரு மணித்தியாலம் பேசினார். அதில் பாதி நேரம் அழுகை. "அங்க அந்த வீட்டுப் பிள்ளைக்கும் இவன்ட வயசுதான் மிஸ். நான்தான் குளிப்பாட்டுறது, நான்தான் தீத்துறது. அது என்னக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நித்திரை கொள்ளும். பெத்த பிள்ளை என்னப் பார்க்குதில்ல." அவருக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். அம்மம்மா கொஞ்ச நாள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மூத்த மகள் வீட்டில் போய் இருந்தால், பிள்ளைக்கு வேறு ஆள் இல்லாமல் தன்னிடம் வருவான்.

நான் அதற்குச் சம்மதித்தேன். என் குறிப்பேட்டில் அன்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன்: "தாயோடு பிணைப்பு அறுந்துள்ளது. விலகும் வகை. மாற்றுப் பராமரிப்பாளரின் தலையீட்டைக் குறைத்துத் தாயை முதன்மையாக்கவேண்டும்."

ஏன் அப்படி நினைத்தேன்? பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி 1951 இல் உலக சுகாதார அமைப்புக்காக எழுதிய அறிக்கையிலிருந்து, தாயின் தொடர்ச்சியான அன்பு பிள்ளையின் மனநலத்துக்கு அடித்தளம் என்பதைப் படித்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு முதன்மைப் பிணைப்பு இருக்கும் என்ற சாய்வு அவருடைய ஆரம்ப எழுத்துகளில் உண்டு. அந்தச் சாய்வை விதியாக எடுத்துக்கொண்டேன். "விலகும் வகை" என்ற சொல் உளவியலாளர் மேரி எயின்ஸ்வேர்த் வகுத்த அந்நியச் சூழல் சோதனையிலிருந்து வருவது. அது ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளுக்கானது. ஆய்வு அறையில் 20 நிமிடமளவில், தாய் வெளியே போய்த் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். திரும்பி வந்த தாயைத் தவிர்க்கும் குழந்தையை விலகும் வகை என்பார்கள். அந்த அளவுகோலை நாலரை வயதுப் பிள்ளைக்கு, அதுவும் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட உண்மையான பிரிவுக்குப் பிறகு, நான் ஒரு முத்திரையாகக் குத்திவிட்டேன்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அம்மம்மாவோடு நான் அன்று தனியாக இருந்து கதைக்கவில்லை. அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருடமும் அந்தப் பிள்ளையின் இரவுகளை அறிந்த ஒரே மனிதர் அவர்.

பத்து நாள்

பங்குனிக் கடைசிக் கிழமையில் அம்மம்மா போனார். பிள்ளை முன்பள்ளியில் இருந்த நேரமாகப் பார்த்துப் போகச் சொன்னார்கள். அழுகையைத் தவிர்க்க என்றுதான். இதையும் நான் தடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினான். கிணற்றடி, கோழிக்கூடு, பக்கத்து வளவு. மூன்றாம் இரவு பாயை நனைத்தான். ஒரு வருடத்துக்கு மேலாக இல்லாத பழக்கம். அம்மம்மாவின் பழைய சேலை ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு படுத்தான். அடுத்த நாட்களில் தேடுவதும் நின்றது. தாய் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கினான். "சரி வாறான்" என்று தாய் எனக்குச் சந்தோசமாகச் செய்தி அனுப்பினார். நானும் சந்தோசப்பட்டேன். முன்பள்ளி ஆசிரியைக்கு மட்டும் சந்தோசமில்லை. "பிள்ளை அழுறதும் இல்ல, சண்டை பிடிக்கிறதும் இல்ல. மணலில இருந்து மணல அள்ளி அள்ளி ஊத்துறான். எனக்குப் பயமா இரிக்கி" என்றார்.

எட்டாம் நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதித்ததில் எதுவும் பிடிபடவில்லை. பத்தாம் நாள் அம்மம்மா யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். நல்ல வேலை செய்தார்.

அன்று தற்செயலாக நானும் அங்கே இருந்தேன். அம்மம்மா படலையைத் திறந்து "மனே" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பான் என்று எல்லாரும் நினைத்தோம். அவன் தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கையிலிருந்த காரின் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான். அம்மம்மா பக்கத்தில் குந்தினார். அவன் எழும்பி மற்ற மூலைக்குப் போனான். அன்று இரவு வரைக்கும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

தாய்க்கு என்ன செய்தானோ, அச்சொட்டாக அதைத்தான் அம்மம்மாவுக்கும் செய்தான்.

மறுபடி பார்த்தபோது

அந்தப் பிள்ளைக்கு அம்மம்மாவை மறந்துபோனது என்று யாரும் சொல்லமுடியாது. பத்தே நாள்தான். பிணைப்பு அறுந்தது என்றும் சொல்லமுடியாது, அந்தச் சேலையோடுதான் படுத்தான். அப்படியென்றால் தாயைப் பார்த்து முகம் திருப்பியதற்கும் "மறந்திட்டான்" என்பது விளக்கமாக முடியாது. சொல்லாமல் விட்டுப்போனவர் திரும்பி வரும்போது அவன் செய்வது இது. யாரென்று தெரியாத ஆளுக்கு இப்படிச் செய்ய மாட்டான். நான் முதல் தரம் போனபோது என் பையைக் கிளறிப் பேனா எடுத்தவன் அவன்.

வீட்டுக்குப் போய்ப் பழைய பாடக் குறிப்புகளை எடுத்தேன். போல்பியோடு வேலை செய்த ஜேம்ஸ் றொபேட்சன் லண்டன் ஆஸ்பத்திரிகளில், தாய்மார் பக்கத்தில் இருக்க அனுமதியில்லாத காலத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய மூன்று கட்டம் அதில் இருந்தது. முதலில் எதிர்ப்பு: அழுகை, தேடுதல். பிறகு நிராசை: அடங்கிப்போதல். மூன்றாவது விலகல்: தாதிமாரோடு சிரித்து, சாப்பிட்டு, தாய் வந்தால் பார்க்காமல் இருத்தல். மூன்றாவது கட்டத்தைப் பார்த்த ஆஸ்பத்திரிகள் "பிள்ளை பழகிவிட்டது" என்று எழுதின. றொபேட்சனும் போல்பியும் அது பழகியது இல்லை என்று வாதாடினார்கள். எதிர்ப்பும் நிராசையும் பத்து நாளில் என் கண்முன் நடந்திருக்கின்றன. அந்த "சரி வாறான்" செய்தி நிராசைக் கட்டத்தைப் பற்றியது. மூன்றாவதைப் படலையடியில் கண்டேன்.

எயின்ஸ்வேர்த்தின் சோதனையில் தாயைப் பார்க்காதது போல விளையாட்டுப் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பற்றியும் பிறகு ஒரு விசயம் தெரியவந்தது. 1977 இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களின் இதயத்துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்தவர்களின் துடிப்பு உயர்ந்தே இருந்தது. காரின் சில்லைச் சுற்றிய அந்தச் சின்னக் கையை நினைத்துக்கொண்டேன்.

அம்மம்மாவைப் போட்டியாளர் ஆக்கியதும் பிழை. 1964 இல் உளவியலாளர்களான ஷாஃபரும் எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வின்படி, 18 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிணைப்புகள் இருந்தன. எயின்ஸ்வேர்த் முதன்முதலாகக் களத்தில் தாய்-சேய் உறவைக் கவனித்ததும் உகண்டாக் கிராமங்களில்தான், தாயோடு மற்ற உறவினரும் பிள்ளை பார்த்த வீடுகளில். தாய்வீட்டு வளவுக்குள் இரண்டு தலைமுறைப் பெண்கள் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புத்தகத்திலிருந்து வரவேண்டியிருந்ததே என்ற கவலை இன்னும் உண்டு.

"போனம்மா" விசயத்தையும் திரும்ப யோசித்தேன். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்ற அறிவு, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொல்வதன்படி, இரண்டு வயதுக்குள் வந்துவிடும். ஆகவே தாய் போனுக்குள் இருக்கிறார் என்று அவன் நம்பியதாக நான் நினைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தாய் எப்படிப்பட்டவர்? பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர், சாப்பிட்டாயா என்று கேட்பவர், கட்டிப்பிடிக்காதவர், அவன் எழும்பிப்போனால் காத்திருப்பவர். முற்றத்தில் நின்றவர் தூக்கினார், தீத்தினார், அழுதார். அவன் போனில் கேட்டது தனக்குத் தெரிந்த அந்த உறவை.

மாற்றிய ஒழுங்கு

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் மூன்று பெரியவர்களையும் ஒன்றாக இருத்திப் பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அம்மம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன்: எந்தக் கையால் தலை தடவினால் நித்திரை வரும், பிட்டுக்கு வாழைப்பழம் பிசைந்தால்தான் இறங்கும், இடி இடித்தால் எங்கே ஒளிப்பான். தாய் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதி விசயம் அவருக்குப் புதிது. அன்றுதான் அவர் தன் தாயின் கையைப் பிடித்து அழுததைக் கண்டேன்.

"ஆர் உன்ர அம்மா" என்ற கேள்வியை யாரும் கேட்கக்கூடாது, வரும் ஆட்களைத் தகப்பன் தடுக்கவேண்டும் என்று முடிவுசெய்தோம். அவர் அதைச் சரியாகச் செய்தார். பிள்ளையாக வராமல் தூக்குவதில்லை. வீட்டை விட்டு யார் வெளியே போனாலும், கடைக்கென்றாலும், எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அழுதால் அழட்டும். குளிப்பாட்டுவது அம்மம்மாதான், தாய் வாளியில் தண்ணீர் அள்ளிக் கொடுப்பார். அந்த ஒரு வேலையோடு தொடங்கினோம்.

போன் யோசனை தாயினுடையது. ஒரு நாள் இரவு 8 மணிக்கு, கிணற்றடியில் நின்றுகொண்டு அம்மம்மாவின் போனுக்கு இமோவில் எடுத்தார். பையன் பாய்ந்து வந்து எடுத்தான். கால் மணித்தியாலம் கதைத்தான். கோழி முட்டை போட்டதைச் சொன்னான், முன்பள்ளியில் ஒருவன் கடித்ததைச் சொன்னான். அழைப்பு முடிந்து தாய் வீட்டுக்குள் வந்தபோது வழமை போலக் கண்டுகொள்ளவில்லை. என்னிடம் கேட்டார்கள், தொடரலாமா என்று. இது பொய்யைப் பழக்குவதாகிவிடுமோ என்று எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் பிள்ளை தானாகத் திறந்து வைத்திருக்கும் ஒரே கதவு அது. தொடரச் சொன்னேன்.

அடுத்த கிழமை தாய் திண்ணையிலிருந்து எடுத்தார். பிறகு அடுத்த அறையிலிருந்து, குரல் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. ஐந்தாவதோ ஆறாவதோ இரவில் பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டே எழும்பிப் போய், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, திரையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பேரும் போனிலேயே கதைத்தார்கள், நாலடி தூரத்தில் நின்றுகொண்டு. "உள்ளுக்கு வரட்டா?" என்று தாய் போனில் கேட்டார். "வேணாம்" என்றான். "சரி" என்றார். மறுநாள் இரவு அவனே வந்து பக்கத்தில் இருந்தான்.

தாய் அந்த "சரி"யைச் சொன்னதுதான் முழு நிகழ்விலும் கடினமான வேலை என்று நினைக்கிறேன். அவருக்கும் நித்திரை குறைந்திருந்தது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன், இரண்டு தரம் போய் வந்தார்.

அதன் பின்

வைகாசி முடிவில் குளிப்பாட்டும் வேலை தாயின் கைக்கு வந்தது, அம்மம்மா கிணற்றுக் கட்டில் இருந்தார். பாய் நனைவது குறைந்தது. முன்பள்ளியில் சாப்பாட்டுப் பெட்டி திறந்தது. ஆனியில் ஒரு நாள் தாய்க்கு அடித்தான், "ஏன் போன?" என்று கேட்டு. தாய் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். பிரிந்த இரவைப் பற்றி அவனிடம் சொல்லத்தக்க நினைவு இருக்குமென்று நான் நினைக்கவில்லை. இரண்டேகால் வயதின் நினைவுகள் அப்படி நிற்பதில்லை. ஆனாலும் கேள்வி இருந்தது. பதில் சொல்லச் சொன்னேன், உண்மையான பதிலை, அவன் வயதுக்குரிய சொல்லில்: காசு இல்லாமல் போனேன், சொல்லாமல் போனது என் பிழை.

கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குக் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். கூட்டத்தில் அவன் தாயின் கையை விட்டுவிட்டு பலூன்காரனிடம் ஓடினான். பாதி வழியில் நின்று திரும்பித் தாய் நிற்கிறாரா என்று பார்த்தான். நிற்கிறார் என்று கண்டு மீதி வழியும் ஓடினான். தாய் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒருவரைப் பாதுகாப்பான தளமாக வைத்துக்கொண்டு உலகத்துக்குள் போய் வருவது என்று எயின்ஸ்வேர்த் எழுதியது இதைத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இரவில் முழித்தால் இன்னும் அம்மம்மாவிடம்தான் போகிறான். யாராவது பெட்டி அடுக்கினால் அன்று பாய் நனையும். இப்போது இரண்டு பேரையும் "அம்மா" என்கிறான். கூப்பிட்டது யாரை என்று அவர்கள் இரண்டு பேருக்கும் குரலிலேயே தெரிகிறதாம்.

இனி மாற்றிக்கொள்வது

பிள்ளையோடு படுக்கும் ஆளைத் தனியாகச் சந்திக்காமல் எந்த ஒழுங்கும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். எங்கள் விண்ணப்பத் தாளில் பராமரிப்பவர் என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் கோடு இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கோடு கீறி எழுதுகிறேன். பிள்ளை அடங்கியிருப்பதை முன்னேற்றம் என்று எழுதுமுன், அழுவதற்கு இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். இந்தப் பாடத்தை எனக்குத் தந்தவர் அந்த முன்பள்ளி ஆசிரியை. அவருடைய பயத்தை அன்றே கணக்கில் எடுத்திருந்தால் காய்ச்சல் வரைக்கும் போயிருக்காது.

வேலை தொடங்கவேண்டியது தாய் திரும்பிய பிறகு இல்லை, திரும்புவதற்கு ஒரு மாதம் முந்தி. வந்ததும் தூக்கவேண்டாம், போனில் கதைத்தது போலவே சில நாள் கதையுங்கள் என்று அவர்களுக்கு அங்கேயே சொல்லிவிடலாம். ஐந்து குடும்பத்துக்கு இப்போது அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் குடும்பத்தின் கடன் இன்னும் முடியவில்லை. வெளிநாட்டு வேலை முகவர் மறுபடி போன் எடுத்திருக்கிறார். பெரும்போகம் வெட்டிய பிறகுதான் முடிவு என்கிறார்கள். பையன் அடுத்த தையில் முதலாம் ஆண்டுக்குப் போகிறான். போகவேண்டி வந்தால் ஒரு மாதத்துக்கு முதலே நாட்காட்டியில் அவன் கையால் நாள் வெட்ட வைப்பதாகவும், வான் இரவு 2 மணிக்கு வந்தாலும் அவனை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவதாகவும் தாய் சொல்லியிருக்கிறார்.